ஆஸ்துமாவுக்கு அறிதுயில்: மாதக்கணக்கில் செய்தால் எது மாறும், எது மாறாது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிதுயிலும் (ஹிப்னாடிசம்) தசைத் தளர்வுப் பயிற்சியும் ஆஸ்துமாவைக் குணப்படுத்தாது. மூச்சுக்குழாய்ச் சுவரில் இருக்கும் அழற்சியை ஆற்றுவது தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் (கன்ட்ரோலர்). ஆனால் இளைப்போடு கூடவே வரும் பயத்தையும், அந்தப் பயம் கிளப்பிவிடும் வேக மூச்சையும், இறுகிப்போகும் கழுத்தையும் தோளையும் இந்தப் பயிற்சி நன்றாகவே அடக்கும். வருடக்கணக்காக வீசிங்கோடு வாழ்கிறவர்களுக்கு அது சின்ன லாபம் இல்லை. ஒரே ஒரு ஆபத்து உண்டு: குழாய் விரிவதற்கு முன்பே மனசு ஆறிவிடும். அதனால் இந்தப் பயிற்சியில் இறங்குகிறவர் கையில் பீக் ஃப்ளோ மீட்டர், அதாவது ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு கருவி, இருந்தே ஆக வேண்டும்.

ஹிப்னாடிசம் என்றதும் மேடையில் ஒருவரைக் கட்டைபோலக் கிடத்துவதுதான் பலருக்கு நினைவு வருகிறது. தமிழ்ப் பெயர் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். அறிதுயில் என்பது பாற்கடலில் திருமால் கொள்ளும் துயிலுக்கு வழங்கிய பழைய சொல். தூங்குவதுபோல் இருந்தும் எல்லாம் அறிந்திருக்கும் நிலை. பயிற்சியில் நடப்பதும் அதுதான். தெருவில் ஹாரன் கேட்கும், குக்கர் விசில் கேட்கும், எழுந்திருக்க நினைத்தால் எழுந்துவிடலாம். கவனம் மட்டும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும்.

இது எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று புரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். குழாய் சுருங்கும்போது காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கஷ்டம். பயந்தவர் வேகவேகமாக இழுப்பார். பழைய காற்று முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு உள்ளே போகும். நெஞ்சு ஊதிக்கொண்டே போகும். கழுத்துத் தசைகளும் தோளும் மூச்சுக்காகத் தூக்கிப் பிடித்து வலிக்கும். வேக மூச்சில் ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு குறைவதால் விரல் மரத்து, தலை கிறுகிறுத்து, நெஞ்சு இன்னும் இறுகுவதுபோல் தோன்றும். சரி, இன்னும் ரெண்டு பஃப் என்று சால்பியூட்டமால் (குழாயை உடனே விரிக்கும் ரிலீவர் இன்ஹேலர்) அடித்தால் அதன் பக்கவிளைவாகக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். பயத்தின் அடையாளமும் அதேதான் என்பதால் பயம் இன்னொரு படி ஏறும். இந்தச் சுற்றில் மருந்து உடைக்கவேண்டிய கண்ணி ஒன்று. பயிற்சி உடைக்கவேண்டிய கண்ணி வேறொன்று. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

மனசுக்கும் மூச்சுக்குழாய்க்கும் நேரடித் தொடர்பு உண்டா என்றால், உண்டு. 1968-ல் அமெரிக்காவில் லூபரெல்லோ குழுவினர் ஆஸ்துமா உள்ள 40 பேருக்கு வெறும் உப்பு நீர் ஆவியைக் கொடுத்து, இது உங்களுக்கு ஒவ்வாத பொருள் என்று சொன்னார்கள். 19 பேருக்குக் குழாய்த் தடை அளவிடும்படி உயர்ந்தது. 12 பேருக்கு முழு இளைப்பே வந்தது. மருந்து என்று சொல்லி அதே உப்பு நீரைக் கொடுத்ததும் தணிந்தது. இதைப் படித்துவிட்டு "அப்போ ஆஸ்துமா மனவியாதிதானே" என்று கேட்பவர்கள் உண்டு, அது தவறு. ஆஸ்துமா இல்லாதவர்களுக்கும் அதே சோதனையைச் செய்தார்கள், அவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. குழாய் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தால்தான் சொல் அதைத் தொடுகிறது.

அதே 1968-ல் பிரிட்டனில் 252 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு மாதம் ஒருமுறை அறிதுயில், வீட்டில் தினமும் சுய அறிதுயில். மறு பிரிவுக்குத் தளர்வோடு கூடிய மூச்சுப் பயிற்சி. நன்றாகத் தேறியதாக மருத்துவர்கள் மதிப்பிட்டவர்கள் முதல் பிரிவில் 59 சதவீதம், இரண்டாவதில் 43. அறிதுயிலில் முன்அனுபவம் உள்ள மருத்துவர்களிடம் பலன் கூடுதலாக இருந்தது. 1986-ல் வந்த சிறிய ஆய்வு இன்னும் பயனுள்ளது: ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு, அறிதுயிலுக்கு எளிதில் ஆட்படும் 12 பேருக்கு மூச்சுக்குழாயின் மிகையெரிச்சல் (சின்னத் தூண்டலுக்கும் சுருங்கும் இயல்பு) ஏறக்குறைய 75 சதவீதம் குறைந்தது, எளிதில் ஆட்படாதவர்களுக்கு மாற்றமே இல்லை. அந்த 12 பேரிலும் பீக் ஃப்ளோ உயர்ந்தது 5.5 சதவீதம் மட்டும். 2002-ல் தளர்வுப் பயிற்சிகள் பற்றிய 15 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தசைத் தளர்வுக்கு மட்டும் ஓரளவு சான்று இருந்தது. மொத்தத்தில் சான்று போதவில்லை என்றுதான் முடித்தார்கள். ஆகவே ஒருவருக்கு இரண்டு மாதத்தில் தெரியும் பலன் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறு மாதமானாலும் தெரியாமல் போகலாம். அது அவருடைய முயற்சிக் குறைவு இல்லை.

இனி செய்முறை. முதல் இரண்டு வாரம் பயிற்சியே வேண்டாம். அளவு மட்டும் எடுங்கள். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நின்றுகொண்டு, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, நிறைய இழுத்து, உதடு இறுக மூடி ஒரே வீச்சில் ஊதவேண்டும். மூன்று முறை ஊதி அதிகபட்ச எண்ணைக் குறிக்கவேண்டும், சராசரி வேண்டாம். காலை, மாலை, இன்ஹேலருக்கு முன். இரண்டு வாரத்தில் வந்த உச்ச எண்தான் உங்கள் சொந்த அளவு. அது 400 என்றால் 320-க்கு மேல் பச்சை, 200 முதல் 320 வரை மஞ்சள், 200-க்குக் கீழே சிவப்பு. ஆஸ்துமா கன்ட்ரோல் டெஸ்ட் என்ற ஐந்து கேள்வித் தாளையும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை நிரப்புங்கள். மொத்தம் 25, 19-ம் அதற்குக் கீழும் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம், 3 புள்ளி மாறினால்தான் மாற்றமாக எடுத்துக்கொள்ளவேண்டும்.

உட்காரும் விதம் முக்கியம். மல்லாந்து படுத்துச் செய்யும்படி பெரும்பாலான பதிவுகள் சொல்கின்றன. ஆஸ்துமாவுக்கு அது ஒத்துவராது. படுத்தால் சிலருக்கு அமிலம் மேலேறி இருமல் வரும், சிலருக்கு மூக்கடைக்கும். சாய்வு நாற்காலி, இல்லையென்றால் முதுகுக்கு மூன்று தலையணை. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். ஏ.சி. காற்று முகத்தில் அடிக்கக்கூடாது. ஊதுபத்தி, சாம்பிராணி, நறுமண எண்ணெய் எதுவும் வேண்டவே வேண்டாம். தியானம் என்றாலே பத்தி ஏற்றும் பழக்கம் இங்கே இருப்பதால் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ரிலீவர் இன்ஹேலரும், அதில் மாட்டி மருந்தை இழுக்கும் குடுவையான ஸ்பேசரும் கை எட்டும் தூரத்தில்.

முதலில் தசைத் தளர்வு, எட்டு நிமிடம். 1920-களில் ஜேக்கப்சன் வகுத்த முறையின் சுருக்கம் இது. ஒரு தசையை ஐந்து முதல் ஏழு விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, 20 முதல் 30 விநாடி அந்தத் தளர்ச்சியைக் கவனிப்பது. வலது கை, இடது கை, நெற்றி, தாடை, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம். ஆஸ்துமாவுக்காக இரண்டு மாற்றம் தேவை. நெஞ்சை இறுக்கி மூச்சடக்கும் படியை விட்டுவிடுங்கள். மற்ற இடங்களை இறுக்கும்போதும் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். தோளுக்கு மட்டும் மூன்று சுற்று கொடுங்கள். காதைத் தொடுகிற மாதிரி தூக்கி, அப்படியே விழ விடவேண்டும். இளைப்புக்காரர்களுடைய இறுக்கம் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கிறது.

அடுத்தது அறிதுயில், பத்து நிமிடம். கண் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். இமை கனத்ததும் மூடிக்கொண்டு, ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஒரு எண்ணாகப் பத்திலிருந்து ஒன்றுவரை இறங்குங்கள். எண் வெளிமூச்சில்தான் வரவேண்டும். "ஆழமாக இழுங்கள்" என்று சொல்லும் பதிவுகளைத் தூக்கிப் போட்டுவிடலாம். மீண்டும் மீண்டும் ஆழமாக இழுத்தால் இருமலும் கிறுகிறுப்பும்தான் மிச்சம். மூக்கு வழியாக, கொஞ்சமாக, மெதுவாக. வெளியே விடுவது இழுப்பதைவிடச் சற்று நீளமாக இருந்தால் போதும்.

பிறகு சொல்லும் வாக்கியங்கள். இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். "மூச்சுத் திணறல் வராது" என்றால் மனம் பிடித்துக்கொள்வது திணறலைத்தான். நடப்பதைச் சொல்லுங்கள்: "தோள் ரெண்டும் இறங்குது. காத்து தானா வெளியே போகுது. வயிறு மெத்துன்னு இருக்கு." உங்கள் குரலிலேயே, வீட்டில் பேசுகிற தமிழிலேயே பதிவு செய்யுங்கள். "என் தசைகள் தளர்வடைகின்றன" என்று சொன்னால் செய்தி வாசிப்பதுபோல் காதோடு நின்றுவிடும். "எனக்கு இனி இன்ஹேலர் தேவையில்லை" என்ற வாக்கியம் எந்தப் பதிவில் வந்தாலும், யார் சொன்னாலும், அதை அழித்துவிடுங்கள்.

காட்சிகளிலும் கவனம் வேண்டும். பனிமலை, பூந்தோட்டம், மடியில் பூனை இவையெல்லாம் பொதுப் பதிவுகளில் சகஜம். ஆனால் குளிர்காற்றும் மகரந்தமும் பூனையும் பலருக்கு இளைப்பைக் கிளப்புபவை. உப்பு நீரே இளைப்பு தந்த சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒத்துப்போன இடத்தையே எடுத்துக்கொள்ளலாம்: மழை நின்ற பிறகு திண்ணை, மாலையில் ஆற்றங்கரை.

காட்சி நிலைத்ததும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மெல்லச் சேர்த்து வைத்து ஐந்து வெளிமூச்சு. தினமும் இதே இடத்தில் இதே சேர்க்கை. மூன்று நான்கு வாரத்தில் விரல் சேர்ந்தாலே தோள் இறங்கும் பழக்கம் வந்துவிடும். முடிக்கும்போது ஒன்றிலிருந்து ஐந்துவரை ஏறி, கண் திறந்து, கையை நீட்டி மடக்கிவிட்டு எழுந்திருங்கள்.

இளைப்பு தொடங்கும்போது வரிசை இதுதான்: முதலில் மருந்து. மருத்துவர் எழுதிக்கொடுத்த திட்டப்படி ஸ்பேசரில் ஒரு பஃப், நான்கைந்து மூச்சு. அடுத்த பஃபுக்கு முன் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் காத்திருக்கவேண்டும் அல்லவா, அந்த இடைவெளிதான் விரல் சேர்க்கைக்கு உரிய இடம். பயந்தவர் அந்த ஒரு நிமிடத்தைத் தாங்கமாட்டார். குலுக்காமல் தொடர்ந்து அடிப்பார், மருந்து பாதி தொண்டையிலேயே படியும். விரலைச் சேர்த்து ஐந்து வெளிமூச்சு எண்ணுகிறவருக்கு நிமிடமும் கழிகிறது, மருந்தும் ஒழுங்காக உள்ளே போகிறது. இத்தனை படிகளில் மிகப் பெரிய பலன் எது என்று கேட்டால் இந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்வேன். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத திணறல், நீலம் பாய்ந்த உதடு, ரிலீவர் எடுத்தும் எண் ஏறாமல் இருப்பது — இவற்றில் எது தெரிந்தாலும் பயிற்சிக்கு அங்கே இடமில்லை, 108.

சிலருக்குப் பயிற்சி முடிந்த கையோடு நெஞ்சு லேசாக இறுகும். பயப்படவேண்டாம், அலட்சியமும் வேண்டாம். உடம்பு தளரும்போது வேகஸ் நரம்பின் ஆதிக்கம் கூடுகிறது. மூச்சுக்குழாயைச் சுருக்கும் நரம்பும் அதுவே. பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு வாரம், பயிற்சிக்கு முன்பும், முடிந்து பத்து நிமிடம் கழித்தும் ஊதிப் பாருங்கள். 380 இருந்தது 365 ஆனால் பரவாயில்லை. 320-க்குக் கீழே, அதாவது மஞ்சளுக்குப் போனால், அல்லது ஒவ்வொரு முறையும் இறங்கினால், அறிதுயிலை நிறுத்திவிட்டுத் தசைத் தளர்வை மட்டும் ஐந்து நிமிடம் செய்து பார்த்து, மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

கால ஓட்டத்தில் பார்த்தால், முதல் பதினைந்து நாள் தூக்கம்தான் வரும். இரவு பத்து மணிக்குச் செய்வதை மாலை ஆறுக்கு மாற்றினால் சரியாகும். இரண்டாவது மாதத்தில், இரவு மூன்று மணிக்கு இளைத்து எழுந்தவர் மருந்தெடுத்த பிறகு மறுபடி தூங்க ஆகும் நேரம் குறையும். மூன்றாவது மாதத்தில் ரிலீவரின் எண்ணிக்கை இறங்கலாம். பெரும்பாலும் அவை பயத்துக்காக அடித்த பஃபுகள். இங்கே ஒரு நேர்மை வேண்டும். தினமும் மாலை உட்காருகிறவர் கன்ட்ரோலர் இன்ஹேலரையும் மறக்காமல் எடுக்கத் தொடங்கியிருப்பார். தேறியதில் எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு மருந்தால் என்று பிரிப்பது கடினம். அதைக் குறையாக நினைக்காமல் வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்ளலாம்: கன்ட்ரோலர் எடுத்து, வாய் கொப்பளித்து, பிறகே நாற்காலியில் உட்காருவது என்று வழக்கமாக்கிவிடுங்கள். ஆறாவது மாதத்தில் பதிவு சலித்துப்போகும்; காதில் விழும், உள்ளே போகாது. அப்போது புதிதாகப் பேசிப் பதிய வேண்டும், விரல் சேர்க்கையை மட்டும் மாற்றவேண்டாம். வருடம் முடிந்தும் காலை எண் ஏறக்குறைய பழையபடியே இருந்தால் ஏமாற்றம் அடையாதீர்கள். ஆய்வுகளிலும் அந்த எண் பெரிதாக ஏறவில்லை.

மூச்சடைப்பதே சரியாகத் தெரியாதவர்கள் உண்டு; எண் 50 சதவீதத்தில் இருக்கும், "நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். அவர்களும், அண்மையில் ஐ.சி.யூ. போய்வந்தவர்களும், மனச்சிதைவு நோய் உள்ளவர்களும் தாமாக இதைத் தொடங்கக்கூடாது. ஆள் தேடுவதானால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் போங்கள். முற்பிறவி காட்டுகிறேன் என்பவரும், மூன்று அமர்வில் இன்ஹேலரை விடவைக்கிறேன் என்பவரும் ஆபத்தானவர்கள். இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருப்பதால் அந்தப் பேச்சு எளிதில் எடுபடுகிறது. கன்ட்ரோலரை நிறுத்தியவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. அழற்சி நாள்கணக்கில் மெல்லத் திரும்பி, ஒரு சளி பிடித்த வாரத்தில் மொத்தமாகக் காட்டும்.

டோஸைக் குறைக்கவே முடியாதா என்றால், முடியும். இரண்டு மூன்று மாதம் கட்டுப்பாடு நிலைத்தால் மருத்துவரே ஒரு படி இறக்கிப் பார்ப்பார். அதற்குப் போகும்போது காலை மாலை எண்கள், ரிலீவர் எடுத்த நாள்கள், இரவில் விழித்த நாள்கள், பயிற்சி செய்த நாள்கள் நான்கும் ஒரே நோட்டில் இருக்கட்டும். டோஸ் குறைத்த பிறகு எண் இறங்கினால், மருந்து குறைந்ததாலா அல்லது பத்து நாள் நாற்காலிப் பக்கமே போகாததாலா என்று அதை வைத்துத்தான் அவரால் பிரித்துப் பார்க்க முடியும்.