ட்ரூயிட் மூலிகை வைத்தியம்: ட்ரூயிட் அமைப்பிலா, மூலிகை மருத்துவரிடமா?

முதலில் ஒன்று. பழைய ட்ரூயிடுகள், அதாவது பிரிட்டன், பிரான்ஸ் பகுதிகளில் வாழ்ந்த பழங்கால கெல்ட் மக்களின் பூசாரிகள், தங்கள் போதனையை எழுதிவைக்கவில்லை. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ரோமானியர் எழுதியதுதான். வெள்ளுடை அணிந்து, பிறையின் ஆறாம் நாளில், ஓக் மரத்தில் ஒட்டி வளரும் மிசில்டோ என்ற ஒட்டுண்ணிச் செடியைப் பொன் அரிவாளால் அறுத்தார்கள் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. எல்லா விஷத்துக்கும் அது மாற்று என்று அவர்கள் நம்பினார்களாம். உண்மையில் மிசில்டோவே நச்சுச் செடி! ஆகவே 'இரண்டாயிரம் வருட ட்ரூயிட் மருந்து' என்று யார் விற்றாலும் நம்பாதீர்கள்.

எதைக் கற்கலாம்?
ட்ரூயிட் அமைப்பு (அந்த மரபை இன்று பின்பற்ற முயலும் குழு): சடங்கு, மரங்கள், பருவங்கள், தியானம்.
மூலிகைப் படிப்பு: தாவர அடையாளம், உடலியல், அளவு, பக்கவிளைவு.

செலவும் காலமும்?
1964இல் பிரிட்டனில் தொடங்கிய ஓபாட் (OBOD) போன்ற ட்ரூயிட் அமைப்புகளில் வீட்டிலிருந்தே படிக்கலாம்.
முறையான மூலிகை மருத்துவப் படிப்புக்குப் பல வருடம் ஆகும், பணமும் அதிகம்.

பாதுகாப்பு? இங்கே எனக்குத் தயக்கமே இல்லை, மூலிகைப் படிப்புதான். பூக்காத பருவத்தில் காம்ஃப்ரி என்ற மூலிகையின் இலையும் ஃபாக்ஸ்குளோவ் என்ற நச்சுச் செடியின் இலையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் பறித்துத் தேநீர் போட்டவர்களுக்கு இதயத்துடிப்பே தடுமாறியிருக்கிறது. சரியான காம்ஃப்ரியையே உள்ளுக்குச் சாப்பிட்டாலும் கல்லீரல் கெடும்.

மரபும் ஆன்மிகமும் போதும் என்றால் ட்ரூயிட் அமைப்பு நல்ல இடம். ஒரு கஷாயமாவது குடிக்கவோ கொடுக்கவோ நினைத்தால் பயிற்சி பெற்றவரிடம் போங்கள். பிரிட்டனில் 1864 முதல் இயங்கும் தேசிய மருத்துவ மூலிகையாளர் கழகத்தின் உறுப்பினர் பட்டியலில் தேடலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் அதற்கு முன் தங்கள் டாக்டரைக் கட்டாயம் கேட்டுவிடுங்கள்.