சார்ல்ஸ்டன் வரலாற்று நடை: கால்ஹூன் கல்லறைக்காகவே போகலாம்

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் குதிரை வண்டியில் ஏறி மாளிகைகளை வேடிக்கை பார்ப்பதில் விருப்பமில்லாதவர்களுக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நடத்தும் இந்த நடையைப் பரிந்துரைப்பேன். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பு, ஒன்றியத்தை (அதாவது அமெரிக்காவை) விட்டுப் 'பிரிந்துபோய்விடுவோம்' என்ற மிரட்டலை வைத்தே தெற்கு மாநிலத்தார் அடிமை முறையை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதுதான் விஷயம்.

பிராட் தெருவில் ஜான் ரட்லெஜ் வாழ்ந்த வீட்டு வாசலில் தொடங்குகிறது. 1787 அரசியலமைப்பு மாநாட்டிலேயே, அடிமை வணிகத்தில் கை வைத்தால் கரோலினாக்களும் ஜார்ஜியாவும் சேரமாட்டா என்று முறுக்கிக்கொண்டவர் அவர். பலன், 1808 வரை அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் தடைசெய்ய முடியாது என்ற விதி.

செயின்ட் பிலிப் தேவாலயத்துக்கு எதிரே உள்ள கல்லறைத் தோட்டத்தில், அடிமை முறையை ஆதரித்த தென் கரோலினா செனட்டர் ஜான் கால்ஹூனின் கல்லறை முன்பு வழிகாட்டி நேரம் எடுத்துக்கொள்கிறார். எடுத்துக்கொள்ளட்டும். 1850 மார்ச் 4 அன்று, நோய் முற்றிய கால்ஹூன் செனட்டில் உட்கார்ந்திருக்க, அவருடைய உரையை வர்ஜீனியா செனட்டர் மேசன் வாசித்தார். அடிமைப் பிரச்சினையை வடக்கு கிளறிக்கொண்டே இருந்தால் ஒன்றியம் நிலைக்காது என்பது அதன் சாரம். மூன்றே நாளில் மாசச்சூசெட்ஸ் செனட்டர் வெப்ஸ்டர், ஒன்றியம் பிழைக்க வேண்டும் என்று தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் சட்டத்தை ஆதரித்துப் பேசினார். அந்தச் சட்டப்படி, பிடிபட்டவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் வழக்கை விசாரிக்கும் ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5. ஏன் இந்த வித்தியாசம் என்று கூட வந்த ஒரு பெண்மணி கேட்டார். ஒப்படைக்கும்போது எழுத்து வேலை அதிகம் என்பதுதான் அன்று சொல்லப்பட்ட காரணமாம்!

குறையும் உண்டு. மிசௌரியை அடிமை மாநிலமாகவும் மேனை அடிமை முறை இல்லாத மாநிலமாகவும் சேர்த்துக்கொண்ட 1820 மிசௌரி சமரசம், தெருவைக் கடப்பதற்குள் முடிந்துவிடுகிறது. 1842இல் மாசச்சூசெட்ஸின் ஹேவர்ஹில் ஊரார் ஒன்றியத்தைக் கலைக்கச் சொல்லி அனுப்பிய மனுவை முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் பிரதிநிதிகள் அவையில் வைத்த கதை அறவே இல்லை. ஓயாமல் பிரிவினை பேசிவந்த தெற்கத்திய உறுப்பினர்கள், அதே பேச்சு வடக்கிலிருந்து வந்ததும் துரோகம் என்று கொதித்தெழுந்து அவருக்குக் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். நாள்கணக்கில் அவர் எதிர்வாதம் செய்து அதை முறியடித்தார். இதைவிட நல்ல கதை வேறென்ன வேண்டும்?

மீட்டிங் தெருவில், 1860 டிசம்பர் 20 இரவு தென் கரோலினாவின் பிரிவினை ஆவணத்தில் கையெழுத்திட்ட மண்டபம் இருந்த இடத்தையும் காட்டுகிறார். அன்று பகலில் நடந்த வாக்கெடுப்பில் 169 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆண்டே அந்தக் கட்டடம் தீயில் போய்விட்டது, பார்க்க ஒன்றுமில்லை.

சால்மர்ஸ் தெருவின் பழைய அடிமைச் சந்தை அருங்காட்சியக வாசலோடு நடை முடிகிறது. உள்ளே போக டிக்கெட் தனி. அந்தத் தெரு முழுக்க உருண்டைக் கற்கள், ஆகவே தட்டையான காலணி போட்டுக்கொள்ளுங்கள்.