ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளியா? உள்ளே பார்க்காமல் அனுப்பினால் எழுந்து வராதீர்கள்

பதினோரு நாட்கள் என் மூன்று வயது மகளுக்குச் சளி என்று நம்பி மருந்து ஊட்டினேன். அந்தப் பதினோரு நாளும் அவளுடைய வலது மூக்குக்குள் ஒரு பட்டன் பேட்டரி இருந்தது. இரண்டு இடங்களில் மூன்று முறை காட்டினோம். பேட்டரி என்ற சொல் ஒருமுறைகூட அங்கே யார் வாயிலிருந்தும் வரவில்லை. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

தலைவாரிவிடும்போதுதான் முதலில் அந்த நாற்றம் தெரிந்தது. வாய் கொப்பளிக்க வைத்தேன், வாயிலிருந்து வரவில்லை. வலது நாசித் துளையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு வடிந்து காய்ந்திருந்தது. இடது பக்கம் சுத்தமாக இருந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. மறுநாள் குழந்தைகள் கிளினிக் ஒன்றுக்கு அழைத்துப் போனேன்.

"ஒரு பக்கம் மட்டும்தான் வருகிறது டாக்டர், நாற்றமும் அடிக்கிறது" என்று தெளிவாகச் சொன்னேன். அவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு காதையும் பார்த்தார். மூக்கைப் பார்க்கவில்லை. சைனஸ் என்று சொல்லி ஆன்டிபயாடிக் சிரப்பும், தினமும் மூன்று வேளை விட உப்பு நீர்ச் சொட்டு மருந்தும் எழுதிக்கொடுத்தார். ஆறாம் நாள் மறுபடியும் போனேன். சிரப்பை மாற்றினார். அப்போதும் மூக்கைப் பார்க்கவில்லை.

குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை உள்ளே ஏதோ பொருள் சிக்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இது மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாலபாடம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரு விளக்கும் ஒரு நிமிடமும் போதும். அந்த ஒரு நிமிடத்தை என் மகளுக்கு இரண்டு முறையும் கொடுக்கவில்லை.

அந்தச் சொட்டு மருந்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஈரமான சவ்வில் பேட்டரி ஒட்டியதும் அதன் இரு முனைகளுக்கும் நடுவே, நம் சதை வழியாகவே மின்சாரம் ஓடுகிறது. எதிர்மின் முனை தொடும் இடத்தில் ஹைட்ராக்சைடு உருவாகிறது. கிட்டத்தட்ட காஸ்டிக் சோடா பட்டதைப் போல அந்த இடம் வெந்துபோகும். பேட்டரி உடைந்து ஒழுக வேண்டும் என்பதில்லை. முதல் சில மணி நேரத்திலேயே சேதம் தொடங்கிவிடுகிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதைத்தான் நான் வேளை தவறாமல், அவள் தலையை மடியில் சாய்த்து, ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் மாலை கறுப்பாக, ரத்தம் கலந்து வடிந்தது. பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். பணியிலிருந்த மருத்துவர் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்து, "பளபளவென்று ஏதோ தெரிகிறது, மணியாக இருக்கும்" என்றார். எக்ஸ்ரே எடுக்கவில்லை. குழந்தையைப் போர்வையில் சுற்றி இரண்டு செவிலியர்கள் பிடித்துக்கொள்ள, தட்டையான இடுக்கியை உள்ளே விட்டார். வழவழப்பான வட்ட உலோகத்தில் இடுக்கி எப்படிப் பிடிக்கும்? வழுக்கியது. மறுபடி விட்டார், மறுபடி வழுக்கியது. மூன்றாவது தடவை ரத்தம் கொட்டியது. "கொஞ்சம் பின்னால் போய்விட்டது. காலையில் நிபுணர் வருவார், அழைத்து வாருங்கள்" என்று சொல்லிப் பஞ்சு வைத்து அனுப்பினார். பின்னால் தள்ளப்பட்ட பொருள் தொண்டைக்கு இறங்கி மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் கணவர் அங்கே வாசலிலேயே நின்றுகொண்டு ஒவ்வொரு மருத்துவமனையாகத் தொலைபேசியில் கேட்டார்: "காது மூக்கு தொண்டை மருத்துவர் இப்போது இருக்கிறாரா? குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க ஆள் இருக்கிறாரா?" இந்த இரண்டு கேள்விகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது இடத்தில் இரண்டுக்கும் ஆம் என்றார்கள். குழந்தைக்கு எதுவும் சாப்பிடக் கொடுக்காமல் அழைத்து வரவும் சொன்னார்கள்.

அங்கே முதல் வேலையாக எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வட்டத்தின் ஓரத்துக்குள் இன்னொரு மெல்லிய வட்டம் ஓடுவதை விரலால் காட்டினார். "இது மணி இல்லை அம்மா, பேட்டரி." மயக்க மருந்து கொடுத்துச் சில நிமிடங்களில் எடுத்துவிட்டார்கள். எஃகுக் கிண்ணத்தில் கரிப்பிடித்துக் கிடந்தது அது. 7.9 மில்லிமீட்டர் விட்டம். என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது.

மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்திருந்தது. அந்தக் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாதாம். இரு பக்கச் சவ்விலிருந்துதான் ஊட்டம் பெறுகிறது. சவ்வு வெந்துபோனால் அதுவும் செத்துவிடும். ஓட்டையை மூடும் அறுவை சிகிச்சை பற்றி அவள் வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்றார் மருத்துவர். அதுவரை மூக்கின் பாலம் அமுங்குகிறதா என்று கண்காணிக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் விளையாட்டுச் சாமான்களைக் கொட்டித் தேடினேன். விரலளவு பொம்மை டார்ச் ஒன்று. அடிமூடியில் திருகாணி இல்லை. மூன்று பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன.

பிறகு அந்தக் கிளினிக்குக்குப் போய் கேஸ் ஷீட்டின் நகல் கேட்டேன். இழுத்தடித்துக் கொடுத்தார்கள். 'இரு நாசியிலும் சளி' என்று எழுதியிருந்தது, இரண்டு வருகைக்கும். பார்க்காத மூக்கைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள்! "குழந்தை எதையோ போட்டுக்கொண்டது என்று நீங்கள் சொல்லவில்லையே" என்பது அவர்கள் பதில். தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? திட்டு விழும் என்று பயந்த மூன்று வயதுக் குழந்தை தானாக வந்து சொல்லுமா? எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே, உங்கள் குழந்தைக்கு இப்படி வந்தால் "மூக்குக்குள் விளக்கடித்துப் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பார்த்தும் தெரியவில்லை என்றால் எக்ஸ்ரே கேளுங்கள். பேட்டரியாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை மூக்கிலோ காதிலோ எந்தச் சொட்டும் விடாதீர்கள். வீட்டில் குச்சியோ ஊக்கோ விட்டு எடுக்க முயல வேண்டாம். ஒரு முறை முயன்று வராததை அதே இடுக்கியால் மறுபடி தொட எந்த மருத்துவரையும் அனுமதிக்காதீர்கள். அன்றே நிபுணரிடம் போங்கள்.

விழுங்கிவிட்டால் இன்னும் அவசரம். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக வெந்துவிடும். 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரிதான் மிகவும் ஆபத்தானது, சி.ஆர். 2032 போன்ற எண் அதன் மேலேயே பொறித்திருக்கும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயதைத் தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தைக்குப் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கச் சொல்கிறது அமெரிக்காவின் தேசியத் தலைநகர நச்சு மையம். தேன் தேடிக்கொண்டு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் நாணயம் என்று யாராவது சொன்னால், ஓரத்தில் இரட்டை வட்டம் தெரிகிறதா என்று அங்கேயே கேளுங்கள்.

என் மகள் இப்போது நன்றாக ஓடியாடுகிறாள். தூங்கும்போது மட்டும் அந்த ஓட்டை வழியாக மூச்சு மெல்லிய விசில்போலக் கேட்கிறது. அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து.