பழைய டீசல் லாரியில் இழுவை குறைந்தால்: பம்புக் கடையா, பிரஷர் கேஜா?

டாடா 1613 போன்ற, 697 டர்போ என்ஜின் போட்ட பழைய லாரி. சமதரையில் குறை தெரியாது. லோடோடு சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கித் தொப்பூர் ஏற்றத்தில் ஏறும்போது, வழக்கமாகப் போகிற கியரில் போகாமல் ஒரு கியர் கீழே கேட்கும். இதற்குப் பட்டறையில் மூன்று வழி சொல்வார்கள். சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைக் கழற்றி, அதைப் பழுது பார்க்கும் பம்புக் கடைக்குக் கொடுப்பது ஒன்று, பம்பின் ஸ்க்ரூவைத் திருப்பி டீசலைக் கூட்டுவது ஒன்று, பம்பைத் தொடாமல் அதற்கு டீசல் சரியாக வருகிறதா என்று கேஜ் போட்டு அளப்பது இன்னொன்று. நான் மூன்றாவதன் பக்கம்.

டீசலைக் கூட்டுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஸ்க்ரூவில் போட்ட ஈய முத்திரையை உடைத்துத் திருப்பினால் இரண்டு நாள் இழுப்பது போல இருக்கும். காற்று போதாத என்ஜினில் டீசல் கூடினால் கரும்புகை, மைலேஜ் இழப்பு, எக்ஸாஸ்ட் சூடு. அந்தச் சூடு பிஸ்டன் தலையையும் டர்போவையும் தின்னும். மூலக் குறை அப்படியே இருக்கும்.

எந்த வழிக்குப் போனாலும் முதல் அரைமணி நேரம் இவற்றுக்கு. ஒருவர் ஆக்ஸிலரேட்டர் மிதியை முழுதாக மிதிக்க, இன்னொருவர் பம்பு லீவர் கடைசி ஸ்டாப்பரைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜின் நிறுத்தும் கேபிள் முழுதாகத் திரும்பாமல் பாதியில் நின்றாலும் டீசல் குறையும். புகைக்குழாயை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு முழுதாகத் திறக்கிறதா, ஓடி வந்ததும் ஏதாவது ஒரு பிரேக் டிரம் மட்டும் அதிகமாகச் சுடுகிறதா, ஏர் கிளீனர் அடைத்திருக்கிறதா, டர்போவிலிருந்து வரும் ஹோஸ் கிளாம்பு இளகியிருக்கிறதா. இவ்வளவுதான்.

அடுத்தது புகை. லோடில் கரும்புகை தள்ளினால் காற்றுக் குறைவு, இல்லையென்றால் டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசில். சூடான பிறகும் வெள்ளைப்புகை விட்டால் டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்) அல்லது கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது). புகையும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போதவில்லை. பெரும்பாலான லாரிகள் இந்தக் கடைசி வகையில்தான் வந்து நிற்கும், பம்பு அநியாயமாகக் கழற்றப்படுவதும் இங்கேதான். ஒரு விதிவிலக்கு உண்டு. பம்பின் மேல் அனராய்டு இருந்தால், டர்போவிலிருந்து அதற்குப் போகும் சிறு குழாய் விரிசல் விட்டாலோ உள்ளே டயாஃப்ரம் கிழிந்தாலோ டர்போ அழுத்தம் வந்தது பம்புக்குத் தெரியாது, டீசலையும் கூட்டாது. அந்தக் குழாயை முதலில் பார்த்துவிட வேண்டும்.

பம்புக் கடையில் பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றுவார்கள். பெஞ்சுக்குச் சொந்த டேங்க், சொந்த ஃபில்டர், நிலையான ஃபீட் பிரஷர் எல்லாம் உண்டு. லாரியின் டேங்கில் இருக்கும் அடைப்பு, உறிஞ்சு குழாயில் நுழையும் காற்று, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் தளர்ச்சி எதுவும் அங்கே தெரியாது. அதனால் டீசல் கிடைக்காமல் பசியில் கிடக்கும் நல்ல பம்பு பெஞ்சில் நன்றாகவே வேலை செய்யும். பம்புக்குள் டீசலை அழுத்தும் எலிமென்ட்டை மாற்றி, அளவு பிடித்து, திரும்பப் பொருத்தி, டைமிங் வைத்த பிறகும் லாரி அதே ஏற்றத்தில் அதே இடத்தில் திணறும். கேஜ் சோதனையை நான் முன்னால் வைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

வேண்டியவை 0 முதல் 4 பார் வரை காட்டும் கேஜ், டீசல் தாங்கும் ஹோஸ், ஒரு டீ (T வடிவ) இணைப்பு, புதிய செம்பு வாஷர்கள். 16 பார் கேஜ் போட்டால் முள் அசைவதே தெரியாது. டீயை ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் வைக்க வேண்டும். ஹோஸைக் கேபினுக்குள் கொண்டுவராமல், கண்ணாடிக்கு வெளியே கண்ணில் படும்படி கேஜைக் கட்டுங்கள். டர்போ, எக்ஸாஸ்ட் பக்கம் ஹோஸ் நெருங்கவே கூடாது. பிறகு லோடோடு ஏற்றத்தில் முழு மிதி. நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் அப்போது என்ஜின் குடிக்கும் டீசல் மிகக் குறைவு.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் எலிமென்ட் வரிசையாக உள்ள இன்லைன் பம்பில், மிகுதி டீசலைத் திருப்பி அனுப்பும் ஓவர்ஃப்ளோ வால்வு பெரும்பாலும் 1 முதல் 1.5 பாரில் திறக்கும். ஏற்றத்திலும் முள் 1 பாரை ஒட்டி நின்றால் டீசல் வரத்து நல்லது. ஏற ஏற முள் இறங்கினால், ஃபில்டருக்கு முன்னால் இன்னொரு முறை அளக்க வேண்டும். அங்கே பிரஷர் இருந்து பின்னால் இல்லையென்றால் ஃபில்டர். இரண்டு இடத்திலும் இல்லையென்றால், ஃபீட் பம்பின் உறிஞ்சு குழாயையும் ரிட்டர்ன் குழாயையும் சுத்தமான டீசல் நிரப்பிய, இறுகக் கட்டிய கேனில் விட்டு ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பினால் குறை டேங்க் பக்கம். சல்லடை அடைப்பு, மூடியின் காற்றுத் துளை அடைப்பு, உள்தோல் உரிந்து மடங்கிய ஹோஸ் ஆகியவற்றில் ஒன்று. டேங்க் பாதிக்குக் கீழே போனால் மட்டும் இழுவை குறைகிறது என்றால், உள்ளே இறங்கும் குழாயின் மேல்பகுதியில் விரிசல் இருக்கும், டீசலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். கேனிலும் திருந்தாவிட்டால் ரிட்டர்ன் ஹோஸை ஐடிலில் ஒரு நொடி நசுக்குங்கள். முள் சட்டென்று ஏறினால் ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் ஃபீட் பம்பின் பிளஞ்சர், வால்வு, ஸ்ப்ரிங். இவை எல்லாமே எலிமென்ட் செலவில் ஒரு சிறு பங்குதான்.

இவ்வளவு உறுதியை இன்லைன் பம்புக்கு மட்டுமே தருவேன். எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே தலையிலிருந்து டீசலைப் பங்கிடும் ரோட்டரி பம்பு உள்ள வண்டிகளில் உள்ளே இருக்கும் வேன் பம்பே டீசலை இழுப்பதால், இதே இடத்தில் கேஜ் காட்டுவதை இப்படிப் படிக்க முடியாது. அங்கே உறிஞ்சு பக்கம் ஒரு கண்ணாடிக் குழாய் வைத்துக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பதுதான் கூடுதல் நம்பிக்கை தரும்.

பம்புக் கடைக்குப் போக வேண்டிய நேரமும் உண்டு. கேஜ் நிலையாக நிற்கிறது, காற்று சரி, ஆனால் காலையில் நன்றாக இழுத்த லாரி சூடானதும் சோர்கிறது, சூட்டில் ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடிக்கிறது என்றால் எலிமென்ட் தேய்ந்திருக்கிறது. சூடான டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த இடைவெளி வழியே கசிந்துவிடும். பம்பிலோ என்ஜினிலோ ஆயில் மட்டம் தானாக ஏறினாலும் இதைச் சந்தேகிக்கலாம், ஆனால் ஃபீட் பம்பின் சீல் போனாலும் அப்படி ஏறும் என்பதால் அதை முதலில் மாற்ற வேண்டும். கொடுக்கும்போது ஆறு நாசிலையும் சேர்த்துக் கொடுங்கள், ஒவ்வொரு லைனின் டெலிவரி அளவையும் எழுதி வாங்குங்கள். பொருத்தி, டீசல் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றி, அதே கேஜோடு அதே ஏற்றத்தில் ஒரு முறை லோடோடு ஓட்டிய பிறகுதான் டீயைக் கழற்ற வேண்டும்.