1917 போஸ்டர் என்று சொல்லி பிரிண்ட் அவுட் விற்கிறார்கள், உஷார்

போர்க்கால உணவுச் சிக்கன போஸ்டர் சேர்ப்பவர்களுக்கும், புதிதாக ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். ஃப்ரேம் போட்டு, பின்பக்கத்தை டேப் ஒட்டி மூடி, "பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டேன்" என்று சொல்கிற ஆளிடம் எதையும் வாங்காதீர்கள். எனக்கு 640 டாலர் மாட்டிக்கொண்டது. நாயாய் அலைந்துதான் மீட்டேன்.

வாங்கியது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1917-இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியதும் உணவு நிர்வாகத் துறை ஒன்றை அமைத்து ஹெர்பர்ட் ஹூவரைத் தலைவராக வைத்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான அதே ஹூவர்தான். வீடுகளுக்குக் கட்டாய ரேஷன் வேண்டாம், மக்கள் தாமாகவே குறைத்துச் சாப்பிடட்டும் என்பது அவர் வழி. செவ்வாய்க்கிழமை இறைச்சி இல்லை, புதன்கிழமை கோதுமை இல்லை என்றெல்லாம் நடந்தது. சட்டம் போட்டு மிரட்டாமல் கேட்டு வாங்க வேண்டும் என்றால் சுவரெங்கும் போஸ்டர் ஒட்டியாக வேண்டுமே. அதனால்தான் அந்தக் காலத்து உணவு போஸ்டர்கள் இத்தனை வகை, இத்தனை அழகு. தட்டில் சோறு மிச்சம் வைத்தால் அடி விழும் வீட்டில் வளர்ந்தவனுக்கு அதில் ஒரு பாசம் வந்ததில் ஆச்சரியமில்லை.

அவற்றில் சார்லஸ் சேம்பர்ஸ் வரைந்த ஒன்று உண்டு. கப்பலில் வந்திறங்கும் குடியேறிகள், எதிரே நியூயார்க், சுதந்திர தேவி சிலை, மேலே வானவில். "உணவே போரை வெல்லும், சுதந்திரம் தேடி இங்கே வந்தீர்கள், அதைக் காக்க இப்போது நீங்கள் உதவ வேண்டும், எதையும் வீணாக்காதீர்கள்" என்பது வாசகம். புதிதாக வந்தவர்களுக்கும் புரிய வேண்டுமே என்று ஆங்கிலம் தவிர இத்தாலியம், ஹங்கேரியன், ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் என்று பல மொழிகளிலும் அச்சிட்டார்கள். யித்திஷ் பிரதிக்குக் கிராக்கி அதிகம். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் போட்டிருந்தார். பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்ததாம். உண்மைச் சான்றிதழ் தருவாராம். படங்கள் எல்லாம் முன்பக்கம் மட்டும். பின்பக்கப் படம் கேட்டேன். "பழைய ஃப்ரேம், கழற்றினால் காகிதம் கிழியும். பிடிக்காவிட்டால் 14 நாளில் திருப்பி அனுப்புங்கள்" என்றார். அளவு கேட்டதற்கு ஃப்ரேமின் அளவைத்தான் சொன்னார். அசல் கிட்டத்தட்ட 30 அங்குல உயரம், 20 அங்குல அகலம். சுற்றிலும் அட்டை வைத்து ஓரத்தை மறைத்துவிட்டால் உள்ளே இருப்பது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? திருப்பி அனுப்பலாம் என்ற வாக்கை நம்பிப் பணம் கட்டினேன்.

பெட்டி வந்தது. ஃப்ரேமின் பின்னால் புத்தம்புதிய பழுப்பு டேப். அதன் மேல் ஒரு ஸ்டிக்கர்: இந்த டேப்பைப் பிரித்தால் திருப்பி எடுப்பது ரத்து. விளம்பரத்தில் இந்த நிபந்தனை இல்லவே இல்லை. முழுத் தந்திரமும் இங்கேதான். பிரிக்காமல் அசலா என்று பார்க்க முடியாது, பிரித்தால் பணம் வராது. எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்தேன்.

பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்ததும் விஷயம் வெளியே வந்துவிட்டது. அந்தக் காலத்து லித்தோகிராஃப், அதாவது கல்லச்சு, முறையில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக ஏறியிருக்கும். நிழல் விழும் இடங்களில் கிரேயானால் தேய்த்த மாதிரி ஒழுங்கில்லாத பொரிப்பொரி தெரியும். எழுத்துகள் கெட்டியாக, ஒரே மையில் இருக்கும். என் கையில் இருந்ததில் வானம் முழுக்க நீலம், ரோஸ், மஞ்சள் என்று பொடிப்பொடியாகத் தெளித்த புள்ளிகள். கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும், ரஸ்லிங் வுட், நியூயார்க் என்று. அந்தப் பொடி எழுத்துகளின் விளிம்பே கலங்கிப்போய் இருந்தது. இங்க்ஜெட் பிரிண்ட், சந்தேகமே இல்லை.

இதைவிட வேடிக்கை கறை. வலது மூலையில் தண்ணீர் பட்ட மாதிரி ஒரு பழுப்புக் கறையும், நடுவில் ஒரு மடிப்புக் கோடும் இருந்தன. லென்ஸில் பார்த்தால் கறைக்குள்ளும் அதே புள்ளிகள்! மடிப்பை விரலால் தடவினால் காகிதம் வழவழவென்று ஓடுகிறது. கறையையும் மடிப்பையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். அப்புறம் இணையத்தில் பொதுச் சேகரிப்புகளில் தேடினேன். அதே இடத்தில் அதே கறையோடு ஒரு ஸ்கேன் கிடைத்தது. அரசு வெளியிட்ட போஸ்டர் என்பதால் பெரிய ஃபைலாகவே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதை எடுத்து அடித்து, தேநீரோ எதுவோ தடவி ஓரத்தைப் பழுக்க வைத்திருக்கிறார் மனிதர். கறையில் கூடவா காப்பி அடிப்பார்கள்!

இருட்டறையில் புற ஊதா டார்ச்சும் அடித்துப் பார்த்தேன். காகிதம் நீலவெள்ளையாகப் பளீரென்று எரிந்தது. காகிதத்தை வெள்ளைவெளேரென்று காட்டச் சேர்க்கும் ரசாயனம்தான் அப்படி ஒளிரும், அது 1950 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1917 காகிதம் அப்படி எரியாது. ஒன்று கவனிக்க வேண்டும். அசல் போஸ்டரையே பாதுகாப்புக்காகத் துணியில் ஒட்டியிருப்பார்கள், அது முறையான வேலைதான். அந்தப் புதுத் துணி ஒளிரலாம். எனவே முன்பக்கக் காகிதத்தைப் பாருங்கள்.

விற்றவருக்கு எழுதினேன். முதலில், சான்றிதழ் இருக்கிறதே என்றார். அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருப்பது அவரேதான். பிறகு, டேப்பைப் பிரித்துவிட்டீர்கள், இனிப் பேச்சில்லை என்றார். அதற்கும் அப்புறம் பதிலே இல்லை. கார்டு வங்கியில் புகார் கொடுத்தேன். நிபுணர் கடிதம் வேண்டும் என்றார்கள். காகிதப் பொருட்களைப் பழுதுபார்க்கும் ஒருவர் பார்த்துவிட்டு ஒரு பக்கம் எழுதித் தந்தார். அந்தக் கடிதம், வீடியோ, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் சேர்ந்துதான் பணத்தை மீட்டன. கடிதச் செலவு என் தலையில். இதே பணத்தை "நண்பருக்கு அனுப்புவது போல் அனுப்புங்கள், கமிஷன் மிச்சம்" என்று விற்றவர் ஆரம்பத்தில் கேட்டார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி அனுப்பியிருந்தால் புகார் கொடுக்கவே வழி இருந்திருக்காது.

நகல் விற்பதைத் தப்பு சொல்லவில்லை. நகல் என்று சொல்லி இருபது டாலருக்கு விற்றால் நானே வாங்கிச் சமையலறையில் மாட்டுவேன். யோசித்து வாங்கு, பக்குவமாகச் சமை, அளவாகப் பரிமாறு, மிச்சத்தைப் பயன்படுத்து என்று வரிசையாகச் சொல்லும், அதே காலத்தில் கூப்பர் என்ற ஓவியர் செய்த போஸ்டர் பாதி வீடுகளில் நகலாகத்தான் தொங்குகிறது.

இரண்டாம் உலகப்போர் போஸ்டர் தேடுபவர்களுக்கு வேறு கணக்கு. அவற்றில் பலவற்றைப் படத்தைப் புள்ளிப்புள்ளியாகப் பிரித்து அடிக்கும் ஆஃப்செட் முறையில் அச்சிட்டார்கள், அதனால் லென்ஸில் புள்ளி தெரிந்தாலே போலி என்று முடிவுகட்ட முடியாது. அஞ்சலில் மடித்து அனுப்பியதால் நிஜமான மடிப்புகளும் சகஜம். கீழே அரசு அச்சகத்தின் பெயரும் ஆண்டும் எண்ணும் பொடி எழுத்தில் இருக்கும், அதன் கூர்மையைப் பாருங்கள்.

போன வாரம் அதே ஆள் வேறு பெயரில் கடை போட்டிருப்பதைப் பார்த்தேன். அதே சுவர், அதே கறுப்பு ஃப்ரேம், அதே பாட்டி. இந்த முறை இத்தாலியப் பிரதி, விலை 700 டாலர். பேரம் பேசும் முன் ஃப்ரேமைக் கழற்றிய பின்பக்கப் படமும், அச்சகப் பெயரை நெருக்கத்தில் எடுத்த படமும் கேளுங்கள். யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் டேப்பைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், கார்டு புகாருக்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.