வாய்ப்புற்றில் எந்தப் புரதத்தைப் பார்ப்பது: கேஐ-67, பி53, ஈ-கேட்ஹெரின்

வாய்ப்புற்று நோயாளியின் ஆயுளைக் கணிக்க உதவும் புரதச் சோதனை ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் தொடங்க முடிவானபோது, ஒரே ஒரு ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டி அதைச் சாயத்தில் காட்டும் பொருள்) வாங்கத்தான் பணம் இருந்தது. மாதிரிக் குப்பிகளை வரவழைத்து, பழைய நோயாளிகளின் திசுவைப் பதித்து வைத்த பாரஃபின் மெழுகுக் கட்டிகளிலிருந்து ஸ்லைடு வெட்டி, கேஐ-67, பி53, ஈ-கேட்ஹெரின் மூன்றையும் சாயமேற்றிப் பார்த்தோம். நான் ஈ-கேட்ஹெரினைத் தேர்ந்தேன்.

பி16 என்ற புரதம் ஏன் பட்டியலில் இல்லை என்று பலர் கேட்கிறார்கள். அது தொண்டைக்கு உரியது. ஹெச்பிவி வைரஸால் டான்சிலிலும் அடிநாக்கிலும் வரும் புற்றில் பி16 இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். புகையிலை ஒதுக்கிய கன்னத்தில் வரும் புற்றுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பிடி-எல்1 என்ற இன்னொரு புரதத்தின் சோதனையோ, திரும்பி வந்த அல்லது பரவிய நோய்க்குப் பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்தைத் தேர்வு செய்யத்தான் பெரிதும் உதவுகிறது.

கேஐ-67, பிரிந்து பெருகும் செல்களைக் காட்டும். மலிவு, எங்கும் கிடைக்கிறது. ஆனால் எண்ண வேண்டும். நன்கு முதிர்ந்த செல்களைக் கொண்ட கட்டியில் செல்தீவுகளின் (புற்றுச்செல் திரள்களின்) விளிம்பு முழுக்கச் சாயம் ஏறிப் பழுப்பாக இருக்கும். கெரட்டின் திரண்ட நடுப்பகுதி வெறுமையாகக் கிடக்கும். விளிம்பை எண்ணியவருக்கு ஒரு விழுக்காடு, முழுத் தீவையும் எண்ணியவருக்கு வேறொன்று. நானும் சக மருத்துவரும் ஒரே ஸ்லைடுக்கு இரண்டு எண்களை எழுதியபோதே எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது.

பி53-இல் சிக்கல் வேறு. மரபணு பழுதானால் சில கட்டிகளில் புரதம் தேங்கி அடர்த்தியாகத் தெரியும்; சிலவற்றில் புரதமே உருவாகாமல் ஸ்லைடு வெறுமையாக இருக்கும். இரண்டும் கெட்ட செய்திதான். வெறுமையை 'நெகட்டிவ்' என்று எழுதி மரபணு பழுதாகாத நோயாளிகளோடு சேர்த்துவிட்டால் கணக்கே குழம்பிப்போகும். பழைய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று மோதியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

ஈ-கேட்ஹெரின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசை. கட்டி திசுவுக்குள் ஊடுருவும் முனையில் இந்தப் பசை மறையும்போது செல்கள் தனித்தனியாகப் பிரிந்து நழுவுகின்றன. கழுத்து நெறிக்கட்டிகளுக்கு நோய் போகும் வழி அது. வாய்ப்புற்றில் உயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கழுத்துதான். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்தில் நோய் தெரியாத ஆரம்பநிலையிலேயே நெறிக்கட்டிகளை அகற்றியவர்களில் 80 விழுக்காட்டினர் மூன்றாண்டு கடந்து உயிரோடிருந்தனர்; நோய் தெரிந்தால் மட்டும் அகற்றுவது என்று காத்திருந்தவர்களில் 67.5.

என் தேர்வை முடிவு செய்தது வாசிப்பின் எளிமை. அறுவையில் எடுத்த துண்டில் கட்டிக்குப் பக்கத்திலேயே வாயின் நோயில்லாத உட்சவ்வும் இருக்கும். அதன் செல் ஓரங்களில் வலைபோலப் பழுப்புக் கோடு ஓட வேண்டும். அங்கேயே கோடு மங்கியிருந்தால் பிழை திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினிலோ சாயத்திலோ இருக்கிறது, அந்த ஸ்லைடைத் தள்ளிவிடலாம். நல்ல சவ்வில் கோடு இருந்து முனையில் இல்லையென்றால் புற்றே அதை இழந்திருக்கிறது. எண்ண வேண்டியதில்லை, ஒப்பிட்டால் போதும். நாங்கள் இருவரும் தனித்தனியே பார்த்து ஒரே முடிவுக்கு வந்தது இதில்தான் அதிகம். அரைகுறையாக மங்கிய ஸ்லைடுகளில் மட்டும் இன்றும் வாதிடுகிறோம்.

குறை உண்டு. பயாப்சித் துண்டு மேலோட்டமானது. ஊடுருவும் முனை அதில் பெரும்பாலும் வராது. ஆகவே அறுவைக்கு முன் இது உதவாது. நான் பார்த்தவை பெரும்பாலும் கன்னமும் ஈறும். நாக்குப் புற்றுக்கு இதே உறுதியோடு பேசமாட்டேன். ஊடுருவிய ஆழத்தை மில்லிமீட்டரில் அளப்பதற்கு வழக்கமான ஸ்லைடே போதும், தனிச் செலவில்லை. 5, 10 மி.மீ. என்ற எல்லைகள், நோய் எந்த நிலையில் உள்ளது என்று பிரிக்கும் வகுப்பிலேயே உள்ளன. அந்த அளவை விட்டுவிட்டு எந்தப் புரதத்தையும் பார்க்கக் கூடாது.

எங்கள் அறிக்கையில் ஆழத்துக்குக் கீழே ஒரு வரியாக ஈ-கேட்ஹெரின் வருகிறது. ஆழம் 4 மி.மீ., நெறிக்கட்டிகளில் நோயில்லை, ஆனால் முனையில் பசை முற்றிலும் இல்லை என்ற நோயாளிக்கு, அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து அடிக்கடி வரவழைத்துப் பார்க்கச் சொல்கிறேன். இந்த ஒரு வரியை நம்பிக் கதிர்வீச்சு கொடுக்கும்படி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.