டமியா வெதரிங் மாஸ்டர் பி செட்: டீசல் என்ஜினுக்கு அழுக்கு ஏற்ற

என்னிடம் இருக்கும் ஹெச்ஓ அளவு (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) டபிள்யூடிஎம்-2 டீசல் ரயில் என்ஜின் மாடல் பளபளவென்று கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது, அதற்காகத்தான் இந்த செட்டை வாங்கினேன். டீசல் என்ஜின் மாடல் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் எண்ணெய்க் கறைக்கு இதை நம்ப வேண்டாம்.

காம்பேக்ட் பவுடர் மாதிரி ஒரு சின்ன டப்பா. உள்ளே பனி, கரி, துரு என்று மூன்று நிற வில்லைகள், கூடவே ஒரு முனையில் ஸ்பாஞ்சும் மறுமுனையில் பிரஷ்ஷும் உள்ள ஒரு குச்சி. லேசான பிசுபிசுப்பு இருப்பதால் ஊதினால் பறக்காது. ஏர்பிரஷ், கம்ப்ரஸர் எதுவும் தேவையில்லை. நான் வாங்கிய ஆன்லைன் கடைக்காரர் வெறும் கவரில் போட்டு அனுப்பியதில் ஒரு வில்லை விரிசலோடு வந்து சேர்ந்தது. பரவாயில்லை, உடைந்த துண்டும் பூசத்தான் செய்கிறது.

கரிக்காகவே காசு கொடுக்கலாம். டபிள்யூடிஎம்-2 என்பது 1962-ல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து வந்து, பிறகு 1964 முதல் வாரணாசியில் கட்டப்பட்ட 2600 குதிரைத்திறன் வண்டி. வேகம் கூட்டும்போது, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ சுழன்று போதிய காற்றைக் கொடுப்பதற்குள் டீசல் உள்ளே போய்விடும், சரியாக எரியாத அந்த மிச்சம்தான் ஆல்கோ கக்கும் கறுப்புப் புகை. ஆக, புகைபோக்கியின் வாயைச் சுற்றிக் கரி கனமாகவும், கூரை நெடுக மெலிந்துகொண்டே போவதாகவும் இருக்க வேண்டும். அதுவும் இரண்டு பக்கமும்! கேபின் ஒன்றுதான் என்றாலும் வண்டி இரு திசையிலும் ஓடும், பலர் இதை மறந்து ஒரு பக்கம் மட்டும் இழுத்துவிடுகிறார்கள்.

துரு வில்லையைத் தொடும்போது கையை அடக்குங்கள். தினமும் ஓடுகிற வண்டியின் உடம்பில் அவ்வளவு துரு ஏது? போகியில் (அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) தெரியும் பழுப்பு பெரும்பாலும் வார்ப்பிரும்பு பிரேக் கட்டை தேய்ந்து உதிர்ந்த பொடி. துருவோடு கொஞ்சம் கரியைக் கலந்து தடவினால் அந்த நிறம் அப்படியே வருகிறது. 1:87 அளவில் 1 மி.மீ. திட்டு நிஜத்தில் கிட்டத்தட்ட 9 செ.மீ. என்பதால் ஸ்பாஞ்சை விட்டுவிட்டு மெல்லிய பிரஷ்ஷில் எடுப்பது நல்லது.

ஈரோட்டில் எங்கே பனி பெய்கிறது என்று கேட்பீர்கள். சரி, கூரை மேல் காக்கை எச்சம் போட அந்த வெள்ளைதான் வேண்டும், வெயிலில் வெளுத்த பெயிண்டுக்கும் அதுவே.

எண்ணெய்க் கறை விஷயம் வேறு. டேங்க்கில் டீசல் ஊற்றும் வாயிலிருந்து வழிந்த கோடும் பஃபர் (முன்னும் பின்னும் இடியைத் தாங்கும் வட்டத் தட்டு) முகத்தில் அப்பிய கிரீஸும் ஈரமாக மின்ன வேண்டும், இந்த வில்லைகளோ காய்ந்த அழுக்கை மட்டும்தான் காட்டும். அந்த இடங்களுக்குக் கறுப்பும் பழுப்பும் கலந்த எனாமல் பெயிண்டில் துளி கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் சேர்த்துத் தனியாகப் போட்டுக்கொண்டேன்.

விரல் பட்டால் பூச்சு அழிந்துவிடும், அதனால் கடைசியில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அவசியம். ஸ்ப்ரே பட்டதும் நிறம் கொஞ்சம் மங்கும் என்பதால் கரியை ஒரு பிடி கூடவே போடுங்கள். அப்புறம், ஸ்ப்ரே அடிக்கும்போது சக்கரத்தை மறைத்துவிடுங்கள், தண்டவாளத்தைத் தொடும் பரப்பில் வார்னிஷ் படிந்தால் மின்சாரம் ஏறாமல் வண்டி திக்கித் திக்கித்தான் ஓடும்.